இரண்டு டேங்க் டீசல் பிக்கப் மேட்டில் திணறினால்?

சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறும்போது, இரண்டாவது டேங்குக்கு மாற்றினால் மட்டும் வண்டி திணறுகிறது என்கிறீர்கள். சரி, டீசல் பம்ப்பையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்; அவை இரண்டு டேங்குக்கும் பொது. கோளாறு அந்த டேங்கிலிருந்து, டேங்கை மாற்றிவிடும் வால்வு வரைக்கும்தான்.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் ரப்பர் ஹோஸ் மேல்தான். பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால், வெடித்த ஹோஸில் டீசல் சொட்டாமலே காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஃபில்டருக்கு முன்னால் கொஞ்சம் டிரான்ஸ்பரன்ட் டீசல் ஹோஸ் மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். புது ஹோஸ், புது கிளிப் போட்டு, கைப்பம்பால் காற்று எடுங்கள்.

அப்புறம், டேங்கை மாற்றும்போது ரிட்டர்ன் லைனும் (மிச்ச டீசலை டேங்குக்கே திருப்பி விடும் குழாய்) கூடவே மாறுகிறதா பாருங்கள். மாறாவிட்டால் மற்ற டேங்க் நிரம்பி வழியும்.