அக்கா எழுந்து போன இடம்

கேள்வி: எங்கள் கல்லூரியில் அனிமே பார்ப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். அடுத்த மாதம் ‘ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்’ பற்றிப் பேசி, பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போடுவது என் முறை. ஒன்பதாம் வகுப்பில் அதைப் பார்த்து அழுதவன் நான். சீனியர்களோ, ‘அது குப்பை, லாக் ஹொரைசன் பார்’ என்கிறார்கள். போன வாரம் அக்காவோடு உட்கார்ந்து முதல் சீசனை மறுபடி பார்த்தேன். முதல் பாதி அவளுக்குப் பிடித்திருந்தது. 24-வது எபிசோடில் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று நான் அழுதது தப்பா? ஒரு தொடரை எப்படித்தான் எடைபோடுவது?
– பெயர் வேண்டாம் என்ற இரண்டாம் ஆண்டு மாணவர்

பதில்: தம்பி, நீங்கள் அழுததில் தப்பே இல்லை. அக்கா எழுந்து போனதிலும் தப்பில்லை. இரண்டு பேரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சீனியர்கள் ‘குப்பை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. எந்த இடம் குப்பை, ஏன் என்று சொல்லாத வரைக்கும் அது விமர்சனமாகாது.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவாஹாரா ரெக்கியின் நாவல்களை வைத்து ஏ-1 பிக்சர்ஸ் தயாரித்து, இடோ டோமோஹிக்கோ இயக்கிய 25 எபிசோடுகள். ஜப்பானில் 2012 ஜூலை முதல் டிசம்பர் வரை ஒளிபரப்பானது. கதையில் 2022 நவம்பர் 6 அன்று ஒரு புதிய ஆன்லைன் கேம் திறக்கிறது. தலையில் ஹெல்மெட் மாதிரி ஒரு கருவியை மாட்டிக்கொண்டு 10,000 பேர் உள்ளே போகிறார்கள். சாயங்காலம் பார்த்தால் மெனுவில் லாக்-அவுட் பட்டனைக் காணோம். கேமை உருவாக்கிய காயாபா அகிஹிக்கோ வானத்தில் தோன்றி விதியைச் சொல்கிறான். மொத்தம் 100 தளங்கள். உச்சித் தளத்தின் பாஸை, அதாவது அதைக் காக்கும் தலைமை எதிரியை, வென்றால்தான் எல்லோருக்கும் விடுதலை. கேமில் உயிர் போனால் ஹெல்மெட் மூளையைக் கருக்கிவிடும். வெளியே இருந்து குடும்பத்தார் கழற்றப் பார்த்ததில் 213 பேர் ஏற்கெனவே செத்துவிட்டார்கள்.

இந்த விதி, கதை நமக்குக் கொடுக்கிற வாக்கு. ‘இங்கே சாவு நிஜம், இங்கே கழியும் நாளும் நிஜம்’ என்று முதல் எபிசோடிலேயே கைமேல் அடித்துச் சொல்லிவிடுகிறது. மாட்டிக்கொண்டவர்களின் கதை எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது, அந்த வாக்கை அது எங்கே காப்பாற்றுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைத்தான். சண்டை அழகாக இருக்கிறதா, நாயகன் அளவுக்கு மீறி பலசாலியா என்பதெல்லாம் அப்புறம்.

எந்த இடத்தில் அழுதீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 3-வது எபிசோடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் கலங்கியதும் அங்கேதான். நாயகன் கிரிட்டோ தன் லெவலை (கேமில் எட்டிய பலத்தின் படியை) மறைத்துக்கொண்டு ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன கில்டில், அதாவது ஆட்டக்காரர் குழுவில், சேர்கிறான். எல்லோரும் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள். அதில் சாச்சி என்றொரு பெண். சாவை நினைத்தே நடுங்குகிறவள். ஒரு ராத்திரி காணாமல் போய், நீர்க்கால்வாய் ஓரம் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாள். ‘நீ சாக மாட்டாய்’ என்கிறான் கிரிட்டோ. கில்டுக்கு வீடு வாங்கத் தலைவன் போயிருக்கும் நேரத்தில், மற்றவர்கள் கொஞ்சம் பணம் சேர்க்கலாமென்று மேல் தளம் ஒன்றுக்குப் போகிறார்கள். ஒரு பெட்டியைத் திறந்ததும் அலாரம் அடிக்கிறது, கதவு மூடிக்கொள்கிறது, தப்பிக்க வைத்திருந்த கிரிஸ்டலும் அங்கே வேலை செய்யவில்லை. சாச்சி கடைசியாகக் கையை நீட்டி என்னவோ சொல்கிறாள், நமக்குக் கேட்கவில்லை. நடந்ததைக் கேட்ட தலைவன், கிரிட்டோவின் முகத்துக்கு நேரே பழி சொல்லிவிட்டு, தளத்தின் விளிம்பிலிருந்து குதித்துவிடுகிறான்.

ஆறு மாதம் கழித்துக் கிறிஸ்துமஸ் வருகிறது. செத்தவரை எழுப்பும் பொருள் ஒன்று கிடைக்கும் என்ற பேச்சை நம்பி, கிரிட்டோ தனியாளாக ஒரு பாஸை வீழ்த்துகிறான். பொருள் கிடைக்கிறது. விளக்கத்தைப் படித்தால், இறந்து 10 விநாடிக்குள் பயன்படுத்தினால்தான் பலிக்கும் என்றிருக்கிறது. உயிர் தீர்ந்ததற்கும் ஹெல்மெட் வேலையை முடிப்பதற்கும் நடுவில் அவ்வளவுதான் நேரம். விதி ஒரு மயிரிழைகூட வளைந்து கொடுக்கவில்லை. அவன் அதைத் தன் நண்பன் க்ளைனிடம் போட்டுவிட்டு, ‘உன் கண்முன் அடுத்து யார் சாகிறாரோ அவருக்குப் பயன்படுத்து’ என்று சொல்லிப் போகிறான். அன்றிரவு, சாச்சி முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த குரல் வருகிறது. அவன் லெவல் அவளுக்கு முன்பே தெரியுமாம். அது தெரிந்து அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்ததாம். சொல்லிவிட்டு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை முணுமுணுக்கிறாள்.

இதைப் பார்த்து அழாமல் என்ன செய்வது? ஒரே எபிசோடில், வாக்குக் கொடுத்த கதை அந்த வாக்கை எப்படிக் காக்க வேண்டும் என்று காட்டிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனின் கண்ணீர், கதை சரியாக வேலை செய்ததற்குச் சாட்சி. பெரியவனான பிறகு அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

இப்போது அந்த 10 விநாடியை மனதில் வைத்துக்கொண்டு 14-வது எபிசோடுக்குப் போங்கள். பெரிய கில்டு ஒன்றின் தலைவனான ஹீத்கிளிஃப்தான் கேமை உருவாக்கிய காயாபா என்று வெளிப்பட்டு, அவனை வென்றால் அங்கேயே எல்லோருக்கும் விடுதலை என்ற பேச்சோடு 75-வது தளத்தில் கடைசி மோதல். எல்லோரும் உடல் மரத்துக் கிடக்கும்போது நாயகி அசுனா மட்டும் எழுந்து வந்து குறுக்கே விழுந்து வாளை வாங்குகிறாள். கிரிட்டோவின் உயிர் பூஜ்ஜியமாகிறது, உடல் சிதறுகிறது, பிறகு நிழலுருவாகத் திரும்பி வந்து ஹீத்கிளிஃபைக் குத்துகிறான். அசுனாவும் பிழைக்கிறாள். மன உறுதிக்கு அப்படியொரு சக்தி உண்டு என்று பின்னால் வரும் சீசன்களில் காரணம் சொல்லப்படுகிறது. ஆனால் 14-வது எபிசோடில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? சாச்சிக்கு ஒரு விநாடிகூடச் சலுகை தராத உலகம், நாயகன் நாயகிக்கு மட்டும் விதியைத் தளர்த்திவிட்டது. என் கணக்கில் இந்தத் தொடரின் பெரிய குறை இதுதான். மற்றவர்கள் சொல்லும் ‘எல்லாப் பெண்களும் அவனையே விரும்புகிறார்கள்’ என்பதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

கதை ஏன் அப்படித் தாவித் தாவி ஓடுகிறது என்பதையும் உங்கள் கூட்டத்தில் சொல்லலாம். பலருக்கு இது தெரியாது. காவாஹாரா இதை ஒரு பதிப்பு நிறுவனம் 2002-ஆம் ஆண்டுக்கு நடத்திய டெங்கெக்கி நாவல் போட்டிக்கென்று எழுதினார். பக்க வரம்பைத் தாண்டிவிட்டதால் அனுப்பாமல், புனைபெயரில் இணையத்தில் வெளியிட்டார். பின்னர் வேறொரு கதைக்கு அதே நிறுவனத்தின் பரிசு கிடைக்க, 2009-இல் இது புத்தகமாயிற்று. அந்த முதல் புத்தகம் தொடக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிட்டு நேரே இரண்டு ஆண்டு தாண்டி 74-வது தளத்துக்குப் போய்விடுகிறது. நடுவில் நடந்தவை இரண்டாவது புத்தகத்தில் சிறுகதைகளாக வந்தன. சாச்சி கதையும் அதில் ஒன்று. அனிமே இவற்றைக் காலவரிசையில் அடுக்கியது. சிறுகதையாகப் படித்தால் முழுமையாக நிற்பவை, வரிசையில் வைத்ததும் ‘வாரம் ஒரு பெண்’ என்பதுபோல் ஆகிவிட்டன. 10,000 பேர் இரண்டு வருஷம் எப்படிச் சாப்பிட்டார்கள், யாருக்குப் புத்தி பேதலித்தது, யார் பேசாமல் ஊருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்பதற்கெல்லாம் இடமில்லாமல் போயிற்று. ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிஷிதாவை 13-வது எபிசோடில் பார்த்தபோது, இவரை மாதிரி இன்னும் நாலு பேரைக் காட்டியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. பின்னாளில் ஆசிரியரே ‘ப்ரோக்ரெசிவ்’ என்ற வரிசையில் முதல் தளத்திலிருந்து நிதானமாகத் திரும்ப எழுத ஆரம்பித்தார். அதிலிருந்து 2021-இல் ஒரு படமும் வந்தது.

சரி, அக்கா விஷயத்துக்கு வருவோம்.

15-வது எபிசோடிலிருந்து கதை வேறொரு கேமுக்கு மாறுகிறது. முதல் பாதியில் அசுனா யார்? பெரிய கில்டின் துணைத் தலைவி. வாள்வீச்சின் வேகத்துக்குப் பேர்போனவள். பாஸ் சண்டைக்குத் திட்டம் போட்டு ஆட்களை நடத்துகிறவள். இரண்டாம் பாதியில் அவளை அந்தப் புதிய கேமில் ஒரு மரத்தின் உச்சியில் பறவைக்கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். அப்போதும் அவள் சும்மா இருக்கவில்லை. வில்லன் சுகோ கதவு எண்ணை அழுத்துவதைக் கண்ணாடியில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, தானே வெளியே வருகிறாள். அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று நம்பிக்கை வந்தது. ஆனால் அவளைப் பிடித்துத் திரும்பவும் கூண்டிலேயே போட்டுவிட்டார்கள். 24-வது எபிசோடில் அவளைச் சங்கிலியில் மாட்டி, கிரிட்டோவின் கண்ணெதிரே துணியைக் கிழித்துச் சீண்டுகிறான் சுகோ. அவன் கெட்டவன் என்பது நமக்கு எப்போதோ தெரியும். அந்தக் காட்சி அவனைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்வதில்லை. அசுனாவின் மனதில் என்ன ஓடுகிறது என்றும் காட்டுவதில்லை. கிரிட்டோவுக்குக் கோபம் மூட்ட அவள் உடம்பு ஒரு கருவியாகிறது, கேமராவும் அவள் மேலேயே மேய்கிறது. இதே சுகோ, முதல் கேமிலிருந்து விடுபட வேண்டிய சுமார் 300 பேரை மூளை ஆராய்ச்சிக்கென்று விடாமல் பிடித்து வைத்திருக்கிறான். மாட்டிக்கொண்டவர்களின் கதையில் அதைவிடப் பயங்கரம் ஏது? அசுனாவைத் தவிர அந்த 300 பேரில் ஒருவர் முகம்கூட நமக்கு நினைவில் நிற்பதில்லை.

உங்கள் அக்கா இதையெல்லாம் விளக்கிப் பேசாமல் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் எழுந்த நிமிடம் மிகச் சரியான நிமிடம். அது உங்கள் ரசனைக்கு விழுந்த அடி இல்லை. உங்களுக்கு வெட்கம் வந்ததே, அந்தக் காட்சி தப்பு என்று உங்களுக்கும் பட்டதால்தான்.

லாக் ஹொரைசன் அருமையான தொடர், கட்டாயம் பாருங்கள். ஆனால் அது கொடுத்த வாக்கே வேறு. 2013 அக்டோபரில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கல்வி அலைவரிசையில் தொடங்கியது. ஜப்பானில் மட்டும் 30,000 பேர் கேமுக்குள் சிக்குகிறார்கள். அங்கே செத்தால் கோயிலில் மறுபடி எழுந்துவிடலாம். ஆகவே கேள்வி சாவைப் பற்றியதில்லை; சாக முடியாத இத்தனை பேர் சேர்ந்து எப்படி வாழ்வது என்பதுதான். மெனுவில் செய்யும் சாப்பாடு எதிலும் ருசியே இல்லை. சமையல் தெரிந்த ஒருவர் கையால் செய்தால் ருசி வருகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அதை வைத்து பர்கர் கடை போட்டு, திரட்டிய பணத்தில் கில்டுகள் இயங்கும் கட்டடத்தையே வாங்கி, அந்தப் பிடியை வைத்துப் பெரிய கில்டுகளைப் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைக்கிறான் அதன் நாயகன் ஷிரோயே. சட்டம், வரி, வேலை என்று ஒரு ஊர் உருவாவதைப் பார்க்கும் சுகம் அதில் உண்டு. 3-வது எபிசோடு தந்த நெஞ்சு வலி அதில் கிடைக்காது. தோசையையும் புட்டையும் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று கேட்பதில் என்ன இருக்கிறது? இரண்டுக்கும் முன்பே, 2002-இல், வெளியே வர முடியாத ஒரு ஆட்டக்காரரைப் பற்றி ‘டாட் ஹேக் சைன்’ வந்தது. ரொம்ப மெதுவாகப் போகும், பேச்சு அதிகம். அதற்கும் ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைனுக்கும் இசை ஒருவரே, காஜியுரா யூகி. கண்ணை மூடிக் கேட்டால் அந்தச் சொந்தம் தெரியும்.

மார்க் கேட்டால் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். என்னிடம் கேட்டால் 14-வது எபிசோடு வரை 7, அதற்குப் பிறகு 4. 3-வதை மட்டும் தனியாகக் கேட்டால் 9 கொடுப்பேன். ஏன் என்று கேட்பார்கள். அந்த 10 விநாடியையும் 14-வது எபிசோடையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். சீனியர்களுக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

கூட்டத்துக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2014-இல் வந்த இரண்டாவது சீசனில் 18 முதல் 24 வரை ஏழு எபிசோடுகள், யூகி என்ற பெண்ணின் கதை. பிறந்தபோதே எச்.ஐ.வி தொற்றிய அவள், மருத்துவமனைப் படுக்கையில் ஒரு கருவிக்குள் கிடந்தபடி கேமில் பறக்கிறாள். மற்றவர்களுக்குச் சிறையாக இருந்த அதே தொழில்நுட்பம் அவளுக்குத் திறந்த வெளி. அவள் மாட்டிக்கொண்டிருப்பது இந்தப் பக்கம், படுக்கையில். அசுனா தன் தோளில் ஒரு சின்னக் கேமராவை மாட்டி அவளை வகுப்புக்குக் கூட்டிப் போகிறாள். ஆசிரியர் வாசிக்கச் சொல்ல, தோளிலிருந்து யூகியின் குரல் பாடத்தை வாசிக்கிறது. அப்புறம் அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் வாசலில் போய் நிற்கிறார்கள். கிரிட்டோ இதில் ஓரமாக நிற்கிறான், கதை முழுக்க அசுனாவுடையது.

அக்காவைக் கூப்பிட்டு இதைப் பாருங்கள். மூன்று மணி நேரம்தான் ஆகும். ‘முதல் சீசனின் 24-வது எபிசோடு மாதிரிக் காட்சி எதுவும் இதில் வராது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் உங்களை நம்பி உட்கார வேண்டுமே. முடிந்ததும், அன்றைக்கு 24-வது எபிசோடில் எந்தக் காட்சியில் எழுந்தார், என்ன தோன்றியது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.