குதிரைப் பாதையில் சைக்கிள்: உரிமையும் வழிவிடுதலும்

வணக்கம். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் நீல அம்புக்குறியிட்ட பாதையில் சைக்கிளில் இறங்கி வந்தபோது, குதிரையில் வந்த பெண்மணி 'இங்கே சைக்கிளுக்கு அனுமதியில்லை' என்று கடிந்துகொண்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது சட்டப்படி சரியன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் நீல அம்பு குதிரைப் பாதையைக் குறிக்கும். அதில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் தந்தது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நம்மில் பலர் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். (மஞ்சள் அம்புள்ள நடைபாதையில் பொதுவாக அந்த உரிமையே கிடையாது.)

பின்னாலிருந்து மணியடித்தீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஓசையின்றி நெருங்கிய ஒன்று திடீரென ஒலித்தால் குதிரை மிரளும்; எனவே தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, இயல்பான குரலில் பேசி, தேவையானால் இறங்கி நின்று, குதிரையில் இருப்பவர் சைகை காட்டிய பிறகு நன்றாக விலகிக் கடந்து செல்லுங்கள்.

வேல்சிலுள்ள ஸ்னோடன் மலையின் உச்சிக்குச் செல்லும் குதிரைப் பாதைகளில், மே 1 முதல் செப்டம்பர் 30 வரை காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே சைக்கிள் ஓட்டுவதில்லை என்ற தன்விருப்ப உடன்பாடு உண்டு. உங்கள் பாதையிலும் ஞாயிறு நண்பகலைத் தவிர்த்து அதிகாலையில் சென்று பாருங்கள்.