45 கிரவுண்டு இருந்தால்தான் சட்டம்!

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா முன்பு பக்கத்துத் தெருவில் இருந்தார். இப்போது ஊருக்கு வெளியே, அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கும் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் அதிலேயே சில வீடுகளைக் குறைந்த விலைக்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறதாமே? கையிலிருந்து நஷ்டப்பட்டு யார் கட்டுவார்கள்?
- வாசகி, மந்தைவெளி

பதில்: இருக்கிறது. வாஷிங்டன் நகரை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்தில் மாண்ட்கமரி கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று ஒரு பகுதி. அங்கே 1974 முதல் இது நடைமுறையில் உள்ளது. பெரிய குடியிருப்பு கட்டினால் நூற்றுக்குப் பன்னிரண்டரை முதல் 15 வீடுகளை, கவுன்டி சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

நஷ்டம் இல்லாமல் எப்படி? பதிலுக்கு 22 சதவீதம் வரை கூடுதல் வீடு கட்டிக்கொள்ள அனுமதி உண்டு. நம் ஊர் பாஷையில், எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பை, கூட்டிக் கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வீடு வரவேண்டிய மனையில் 122 வீடு. அதில் பதினெட்டு, பத்தொன்பதை மலிவாகக் கொடுத்தாலும், சந்தை விலைக்கு விற்க நூற்றுக்கு மேல் மிஞ்சும். நிலத்துக்குக் கொடுத்த காசு அதேதான். அந்த மலிவு வீடுகளிலும் மூன்றில் ஒரு பங்கு வரை கவுன்டியின் வீட்டுவசதி அமைப்பு வாங்கி, இன்னும் ஏழைகளுக்கு வாடகைக்கு விடலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

ஆனால் கோட்டை விட்ட இடமும் உண்டு. ஆரம்பத்தில் விலைக் கட்டுப்பாடு வெறும் ஐந்து வருஷம். ஆறாவது வருஷம் சந்தை விலைக்கு விற்றுவிடலாம். விற்றார்கள்! கஷ்டப்பட்டுச் சேர்த்த வீடுகள் கையை விட்டுப் போயின. பிறகு பத்து வருஷமாக்கி, 2005-ல் அதை 30 ஆக்கினார்கள். வாடகை வீடுகளுக்கு 99.

நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. 2008-ல் வந்த சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளானிலேயே, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனையில் 10 சதவீத இடத்தில் எளியோருக்குச் சின்ன வீடுகள் கட்ட வேண்டும் என்று விதி உண்டு. முப்பது வருஷம் கட்டடங்களுக்கு பிளான் போட்டவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒரு கட்டுநர் அந்தச் சின்ன வீடுகளை (சிரிக்காதீர்கள்) ஜோடி ஜோடியாகப் போடச் சொன்னார். நடுவில் நாலரை இஞ்ச் சுவர் போதும் என்றார். "ஏன் சார்?" என்றேன். "அப்புறம் இடிச்சு ஒண்ணாக்கிக்கலாம்." அந்த வேலையை நான் வாங்கவில்லை, வேறு யாரோ போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். 10,000 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 45 கிரவுண்டு. மந்தைவெளியில் இரண்டு கிரவுண்டு பழைய வீட்டை இடித்துத்தானே எட்டு ஃப்ளாட் கட்டுகிறார்கள்? விதி அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. மாண்ட்கமரியிலும் முதலில் 50 வீடாவது கட்டினால்தான் சட்டம் என்றிருந்தது. பிறகு 20 ஆகக் குறைத்தார்கள். அந்த 20-ஐ இங்கே கொண்டு வந்தாலும் உங்கள் பக்கத்து வீட்டு எட்டு ஃப்ளாட் தப்பித்துவிடும். அந்த மாதிரி மனைகளில் வீடு கேட்க முடியாது, கட்டணம்தான் வசூலிக்க முடியும். அந்தப் பணத்தில் மந்தைவெளியிலேயே பத்து வீடு வாங்கினால் உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குப் பிரயோஜனம். பெரும்பாக்கத்தில் இன்னொரு பிளாக் எழுப்பினால், அவருக்கு அதே இரண்டு பஸ்தான்.