ஒன்பது விரலுக்கு வண்ணம்

சென்ற மாதம் இதே பகுதியில், கையை அசைத்தால் நிறம் மாறும் நகப்பூச்சு பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இட்லி மாவு புளிப்பது பற்றியும் வெள்ளிப் பாத்திரம் கறுப்பது பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்கு வந்திருக்கின்றன. முப்பத்தொரு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவள், போட்டுப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது அல்லவா? நாகர்கோவில் மீனாட்சிபுரத்து ஃபேன்சி கடையில் நான்கு பாட்டில், பேத்தி ஆன்லைனில் வரவழைத்தது இரண்டு. இரணியல் வீட்டுத் திண்ணையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. என் அம்மா காலத்து ஆட்களுக்கு எந்தக் கம்பெனிப் பூச்சாக இருந்தாலும் அது ‘கியூட்டெக்ஸ்’தான், சிவப்பு, ரோஸ் இரண்டோடு உலகம் முடிந்துவிடும். இனி கடிதங்கள்.

பாட்டிலில் பார்த்தால் மயில் கழுத்து போல மின்னுகிறது. நகத்தில் போட்டால் சாம்பலைப் பூசியது போல இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா டீச்சர்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஏமாற்றவில்லை மக்களே. (எங்கள் ஊரில் ஒரே ஒரு பிள்ளையையும் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவோம், வெளியூர் வாசகர்கள் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.) அடியில் கறுப்புப் பூசாமல் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நானும் முதல் ஞாயிறு அதையே செய்துவிட்டு, பேத்தியிடம் கடைக்காரரைத் திட்டினேன். பிறகு கட்டை விரலில் மட்டும் சாதாரணக் கறுப்புப் பூச்சு ஒரு கை போட்டு, நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் இதைப் பூசினேன். திண்ணை வெளிச்சத்தில் விரலைத் திருப்பத் திருப்பப் பச்சை, நீலம், ஊதா, ஓரத்தில் ஒரு செம்பு நிறம். பக்கத்து வீட்டு அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

மழை நாளில் ரோட்டில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரியுமே, அதே கதைதான் இது. அந்த எண்ணெயில் எந்தச் சாயமும் கிடையாது. மிக மெல்லிய படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடு ஒன்று சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் கணக்கு மாறுகிறது, நிறமும் மாறுகிறது. நகப்பூச்சில் அந்தப் படலத்தைப் பெரும்பாலும் மைக்கா போன்ற மெல்லிய செதில்களின்மேல் ஏற்றியிருப்பார்கள். வழக்கமான பூச்சுப் பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு. தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கனம் இருந்தால் பொன்னிறம் காட்டும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் சிவப்பு, பிறகு நீலம், பிறகு பச்சை. வெள்ளை அடிப்பூச்சோ வெறும் நகமோ என்றால், செதிலைத் தாண்டிப் போன மிச்ச ஒளியையும் திருப்பி அனுப்பி எல்லாவற்றையும் கலந்து வெளுக்க வைத்துவிடும். கறுப்பு அதை விழுங்கிவிடுகிறது.

டைட்டானியம் என்றதும் நமக்குக் காது நிமிர வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கால் சுடுகிற அந்தக் கறுப்பு மணல் இருக்கிறதே, அதில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. சிவப்பாகத் தெரிவது கார்னெட். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தப் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்துத்தான் இங்கே தேடி வந்தார். இல்மனைட்டிலிருந்து எடுப்பதுதான் டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் முதல் உங்கள் பாட்டில்வரை அதுதான். உங்கள் பாட்டிலுக்குள் இருப்பது நம் கரை மண்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குமரி முனையில் ஏழு நிற மணல் என்று பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அம்மனுக்கும் சுசீந்திரத்து சுவாமிக்கும் நடக்காமல் போன கல்யாணத்தின் அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று ஆச்சி கதை சொல்வாளே, அந்தப் பொட்டலத்தையும் இந்தப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன்.

சூட்டுக்கு ஒரு நிறம், குளிருக்கு ஒரு நிறம் என்று எழுதியிருந்த பூச்சு வாங்கினேன். நாள் முழுக்க ஒரே நிறம்தான். எதற்குப் பணம் கொடுத்தேன்?
– குடும்பத் தலைவி, குளச்சல்

இந்த ஒன்றில் எனக்கும் வயிற்றெரிச்சல். இத்தகைய பூச்சுகளில் பல, ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸை ஒட்டி நிறம் மாறுமாறு செய்யப்படுகின்றன. குளிர் தேசத்துப் பெண்ணுக்கு அது சரி. அறைக்கு உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். குளச்சலில் சித்திரை மாதம் யாருடைய விரல் 31க்குக் கீழே இருக்கும்? நுண்ணிய உறைகளுக்குள் அடைத்த சாயம், சூடு ஏறியதும் நிறத்தை இழந்து வெளிறிவிடுகிறது. நம் ஊரில் அது வெளிறியபடியே கிடக்கும்.

என் பேத்தி நகம் வளர்த்திருக்கிறாள். சதையை விட்டு நீண்டிருக்கும் நுனி கொஞ்சம் குளிர்ச்சியாக இருப்பதால் அவளுக்கு நுனி கருஊதா, அடி வெளிர்ரோஸ் என்று இரட்டை நிறம் தெரிந்தது. ஒட்ட வெட்டிய என் நகத்தில் ஒன்றும் இல்லை. ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து விரலும் கருத்தன. சர்பத் தீர்ந்ததும் நிறமும் தீர்ந்தது. வெயில் பட்டால் நிறம் ஏறுகிற இன்னொரு வகை இருக்கிறது. அது புற ஊதாக் கதிருக்கு மாறுவது. நம் கடற்கரைக்கு அதுதான் தோதானது. முட்டத்துப் பாறைமேல் போய் நின்றால் கண்முன்னே நிறம் ஏறும், வீட்டுக்குள் வந்து சில நிமிடத்தில் இறங்கிவிடும்.

போட்டு முடித்தால் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. எந்தப் பாட்டில் வாங்கினாலும் இதே கதை.
– ஆரல்வாய்மொழி வாசகி

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. காற்றாலை சுழல்கிற காற்றில் உட்கார்ந்து பூசினால் பூச்சின் மேல்தோல் முதலில் இறுகிவிடும். அடியில் மாட்டிக்கொண்ட கரைப்பான் ஆவியாகி மேலே முட்டும். அதுதான் கொப்புளம். ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள், மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி உள்ளேயே புகுந்துவிடும்.

மழை மாவட்டமான நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆனி, ஆடிச் சாரலில் பூசினால் பூச்சு பால் படிந்தது போல வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது நகத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. சரக்கின் மேல் குற்றம் இல்லை. வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திருங்கள்.

பாட்டிலோடு ஒரு சின்னக் காந்தம் கொடுத்தார்கள். அதை என்ன செய்வது?
– தக்கலை வாசகி

தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. பூச்சுக்குள் இரும்புத் துகள் இருக்கிறது. ஒரு விரலுக்குப் பூசி, ஈரமாக இருக்கும்போதே காந்தத்தை நகத்தில் படாமல் மிக அருகில் பத்துப் பதினைந்து விநாடி பிடியுங்கள். பூனைக் கண் போல ஒரு கோடு எழும்பும். பிறகுதான் அடுத்த விரல். மொத்தமாகப் பூசிவிட்டுக் காந்தத்தைத் தேடினால் காரியம் கெட்டது. மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்து இல்மனைட்டைப் பிரிப்பதற்கும் காந்தம்தான் உதவுகிறது என்பது உபரிச் செய்தி.

தண்ணீரில் பல நிறம் சொட்டி விரலை முக்கி எடுக்கும் முறையை முயன்றேன். தோலெல்லாம் வண்ணம். அதற்கு ரப்பர் பாலைத் தடவிக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில்தான் வேண்டிய மட்டும் இருக்கிறதே, எடுக்கலாமா?
– குலசேகரம் வாசகி

கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். கடையில் அதற்கென்று சிறு புட்டியில் விற்பது உண்மையிலேயே ரப்பர் பால் வகைதான். உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்தது. காய்ந்தபின் உரித்தால், மேலே விழுந்த வண்ணத்தோடு தோல் போல வந்துவிடும். ஆனால் சிரட்டையிலிருந்து எடுத்த பச்சைப் பாலை விரலில் தடவ வேண்டாம். அதிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். பால்வெட்டுக்குப் போகிறவர்களில் கை அரிக்கிறவர்கள் யாராவது உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப் போகும் வெள்ளை ஃபெவிகாலை நகத்தைச் சுற்றித் தடவிக் காயவிடுங்கள். அதுவும் உரிந்து வரும்.

தண்ணீர் குளிர்ந்திருக்கக் கூடாது. நான் கிணற்றிலிருந்து இறைத்ததும் அப்படியே சொட்டினேன். சொட்டு பரவாமல் பொட்டாக உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் வெளியே வைத்த தண்ணீரில் நன்றாகப் பரவியது. நான்கைந்து சொட்டு, ஒன்றன் நடுவில் ஒன்று. ஊசியால் கோலம் இழுப்பது போல இழுத்து, விரலை முக்கி, மேலே மிதக்கும் மிச்சத்தைத் தீக்குச்சியால் சுருட்டி எடுத்த பிறகே விரலை வெளியே எடுக்க வேண்டும். பத்து விரலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அழகுதான், இன்னொரு முறை செய்வேனா என்றால் மாட்டேன்.

உங்கள் வயதில் இதெல்லாம் தேவையா?
– பெயர் போடாத கடிதம்

தேவையில்லை. ஆனாலும் ஒரு விரலை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் கருவி, கறுப்பும் நீலமும் பூசிய நகத்தில் சரியாகக் காட்டாமல் போகலாம். வயதானவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் வயதைத்தான் நீங்களே எழுதிவிட்டீர்களே.

மினுக்குத் துகள் போட்ட பூச்சு, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.
– கொல்லங்கோடு வாசகி

தேய்க்காதீர்கள், ஊற வையுங்கள். அந்தத் துகள் பிளாஸ்டிக். நீக்கும் திரவத்தில் எளிதில் கரையாது, அதைப் பிடித்திருக்கும் பசைதான் கரைய வேண்டும். பஞ்சை நனைத்து நகத்தின்மேல் வைத்து, சமையலறை அலுமினியத் தாளால் சுற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டால் மொத்தமாக வழித்து எடுக்கலாம்.

திரவத்தை எதில் ஊற்றுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நான் கையருகே இருந்த தெர்மோகோல் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றினேன். கிண்ணத்தின் அடி கரைந்து, திரவம் சாப்பாட்டு மேசையில் இறங்கி, வார்னிஷ் ஒரு தோசை அளவுக்குப் போய்விட்டது. அசிட்டோனில் தெர்மோகோல் கரையும் என்று எத்தனை வகுப்புக்குச் செய்து காட்டியிருப்பேன்! பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சந்திக்கு விளக்கு ஏற்றிய இடத்தில் இந்த வேலை கூடவே கூடாது. பூச்சின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ், வெடிமருந்துப் பஞ்சின் உறவுக்காரன். கரைப்பான்களும் சட்டென்று தீப்பிடிக்கும்.

அம்மா அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையில்) வேலை பார்க்கிறாள். அண்டித் தோட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். கல்யாண வீட்டுக்கு வந்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அடுத்த மாதம் அக்கா கல்யாணம். அம்மாவுக்கு நிறம் மாறும் பூச்சுப் போட்டுவிட ஆசை. போடலாமா?
– பிளஸ் டூ மாணவி, கருங்கல்

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

போடலாம். ஆனால் பூச்சு கடைசி வேலை. அந்தத் தோட்டு எண்ணெய் வெறும் கறை அல்ல, தோலைச் சுடும் அமிலத்தன்மை உள்ளது. உங்கள் அம்மா வேலைக்கு உட்காரும் முன் கையில் ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்; அதற்காகத்தான். வெடிப்போ புண்ணோ இருக்கும் விரலில் பூச்சும் வேண்டாம், நீக்கும் திரவமும் வேண்டாம். நகம் சதையை விட்டுத் தூக்கியிருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். இன்றிலிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். கறையைச் சுரண்ட வேண்டாம். எலுமிச்சை, சோடா உப்பு என்று எதையும் தேய்க்கவும் வேண்டாம். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும், ஆகவே கல்யாணத்துக்குள் கறை முழுக்கப் போகாது.

போக வேண்டியதும் இல்லை. முதல் கடிதத்துக்கு நான் எழுதியதைப் பாருங்கள்: இந்தப் பூச்சுக்குக் கறுப்புத்தான் வேண்டும். கறை படியாமலிருக்க நிறமில்லாத அடிப்பூச்சு ஒன்று, அதன்மேல் கறுப்பு, அதன்மேல் மயில் கழுத்து. நகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்தபின் தொடங்குங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள், வேலைக்கு விடுப்பு எடுத்த பிறகு போடுங்கள். முதலில் இடது கை. அது காயும்வரை வலது கையால் அம்மா உங்களுக்குத் தலை பின்னிவிடட்டும் என்று எழுத நினைத்தேன், ஒரு கையால் எப்படிப் பின்னுவாள்? தேநீர் குடிக்கட்டும்.