ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா?
வாசகர் சட்டக் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் ஒரு பெரிய கடையில் இரண்டு லிப்ஸ்டிக்கையும் ஒரு கிரீமையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மொத்தம் 1,640 ரூபாய். கையில் காசு இருந்தது. ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. பில் கவுன்டரைத் தாண்டுவதற்கு முன்பே செக்யூரிட்டி அக்கா பிடித்துவிட்டார். உள்ளே ஒரு ரூமில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். "நான்தான் திருடினேன்" என்று எழுதி வாங்கினார்கள். காலேஜ் ஐடி கார்டை போட்டோ எடுத்தார்கள். பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டதோடு, விலையைப் போல பத்து மடங்கு கட்டு, இல்லையென்றால் போலீஸ் என்றார்கள். அழுதேன். கடைசியில் போனிலிருந்து 3,000 ரூபாய் அனுப்பச் சொல்லிவிட்டு விட்டார்கள். இனிமேல் கேஸ் வருமா? ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா? நான் கடையை விட்டு வெளியே போகவே இல்லையே, அப்புறம் எப்படி அது திருட்டு ஆகும்? வீட்டில் யாருக்கும் தெரியாது.
– பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடும் இடம் அது. கடை வாசலைத் தாண்டினால்தான் திருட்டு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அடுத்தவர் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு இருந்த இடத்திலிருந்து நகர்த்தினாலே போதும். டிராலியில் போட்டுக்கொண்டு சுற்றினால் அந்த எண்ணத்தை யாரும் காட்ட முடியாது. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் காட்டுவது சுலபம், அதிலும் கேமரா இருக்கும் கடையில். கவுன்டருக்கு முன்பே பிடித்தார்கள் என்பது உங்கள் வக்கீலுக்கு வாதாட ஒரு இடம் தரும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

இனி ஜெயில் பயம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் திருட்டுக்கான தண்டனை 303(2) பிரிவில் இருக்கிறது: மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய 379-ம் இதையேதான் சொன்னது. புதிதாக வந்தது ஒரு சலுகை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, குற்றவாளி என்று தீர்ப்பாவது அதுவே முதல் தடவையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டுமே. சம்பளம் இல்லாமல், பொதுமக்களுக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும்.

அதைவிட உங்களுக்கு உதவுவது, குற்ற வழக்கை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, வாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரணையே தொடங்க முடியாது. ஜாமீனும் உரிமையாகவே கிடைக்கும். கடைக்காரர் ஸ்டேஷனுக்குப் போனால் மனுவைப் பதிவு செய்துகொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லுவார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்ற கெடுவும் உண்டு. ஆகவே கேஸ் வரவே வராது என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆனால் பொருளையும் எடுத்துக்கொண்டு, மேலே பணமும் வாங்கிய ஒரு கடை, 1,640 ரூபாய்க்காகக் கோர்ட் படி ஏறி நான் பார்த்ததில்லை. ஏறினால் அந்த 3,000 ரூபாய்க்கு முதலில் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏன் என்றால், அந்த ரூமில் நடந்ததில் பாதி சட்டவிரோதம். போலீஸ் அல்லாத ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாம், ஆனால் போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் கண்ணெதிரே நடந்தால் மட்டும். அப்போதும் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் விஷயம் அந்த வகையே இல்லை. போலீசைக் காட்டி மிரட்டி, பொருளின் விலைக்கு மேல் பணம் பிடுங்குவதற்கு மிரட்டிப் பணம் பறித்தல் என்று தனிப் பிரிவே இருக்கிறது, 308.

அதற்காகக் கடை மேல் உடனே புகார் கொடுங்கள் என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். சட்டப்படி கொடுக்கலாம். கொடுத்தால் நீங்கள் மூட நினைக்கும் கதவை நீங்களே திறப்பீர்கள். மறுபடி போன் செய்து பணம் கேட்டால் மட்டும் கதை வேறு. ஒரு பைசா அனுப்பாதீர்கள், அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. கடை மேனேஜரிடம் எழுதிக் கொடுத்ததற்கு அந்தத் தடை கிடையாது. மிரட்டி வாங்கியது என்று காட்டினால்தான் அதன் பலம் குறையும். அதனால் இன்றைக்கே உட்கார்ந்து தேதி, நேரம், ரூமில் யார் யார் இருந்தார்கள், என்னென்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். 3,000 ரூபாய் போன பரிவர்த்தனையின் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யாரிடமும் கொடுக்க வேண்டாம், உங்களிடம் இருந்தால் போதும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு உண்டா" என்ற கட்டத்தில், இன்றைய நிலவரப்படி "இல்லை" என்று எழுதுவது முழு உண்மை. தயங்க வேண்டாம்.

காசு இருந்தும் ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை என்கிறீர்கள். இது முதல் முறையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த உந்துதல் மறுபடி வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள், கட்டணம் கிடையாது. வீட்டில் ஒருவரிடமாவது, அம்மாவோ சித்தியோ, சொல்லிவிடுங்கள். கடையிலிருந்து போன் வரும் நாளில் நீங்கள் தனியாக இருக்கக் கூடாது.

கேள்வி: மேடம், என் மகனுக்கு 20 வயது, இன்னும் சில மாதங்களில் 21. ஒரு கடையில் 7,200 ரூபாய் ஹெட்போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பிடிபட்டான். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். கைது செய்யவில்லை, நோட்டீஸ் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. கோர்ட் வாசலில் பார்த்த ஒருவர், "ஒப்புக்கிட்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும் சார்" என்கிறார். அடுத்த வருடம் அவன் வெளிநாட்டில் படிக்கப் போக வேண்டும். செய்யலாமா?
– ஒரு தந்தை

பதில்: செய்யாதீர்கள் ஐயா. ஒரு நாளில் முடியும் என்று அவர் சொல்வது உண்மை. முடிவது வழக்கு மட்டும். ஒப்புக்கொண்ட நிமிடமே உங்கள் மகன் திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்டவன். கட்டிய அபராதம் 500 ரூபாயா 5,000 ரூபாயா என்று பிற்பாடு யாரும் கேட்க மாட்டார்கள். திருட்டை ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாகவே வேலை கொடுப்பவர்கள் பார்க்கிறார்கள். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கைதோ தண்டனையோ உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். எப்போதாவது இன்னொரு தடவை இதே திருட்டுப் பிரிவில் தண்டிக்கப்பட்டால், ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவல், ஐந்து ஆண்டு வரை போகலாம், கூடவே அபராதமும்.

முதலில் குற்றப்பத்திரிகையில் என்ன பிரிவு என்று பாருங்கள். 303(2) என்றால் நிம்மதி. 305 என்று போட்டிருந்தால் விஷயம் கனம். குடியிருக்கும் கட்டடத்தில், அல்லது பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் திருடுவது அது, ஏழு ஆண்டு வரை தண்டனை. கடையும் பொருள்களைப் பாதுகாக்கும் இடம்தானே என்று சில இடங்களில் போலீஸ் இதைப் போட்டுவிடுகிறது. வாடிக்கையாளருக்காகத் திறந்து வைத்த கடைக்கு அது பொருந்தாது என்று உங்கள் வக்கீல் வாதாடலாம், வாதாட வேண்டும்.

303(2) என்றால் ராஜிதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. பொருளின் உரிமையாளர் சம்மதித்தால் இந்த வழக்கை நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. அப்படி முடிந்தால் அதன் விளைவு விடுதலை, தண்டனை என்ற சொல்லே பதிவில் வராது. கடை ஒரு கம்பெனியுடையது என்றால் ஏரியா மேனேஜர் வாய்வார்த்தையாகச் சரி என்பது போதாது. கம்பெனி அதிகாரம் கொடுத்த ஆள் கையெழுத்தோடு வர வேண்டும். ஹெட்போன் திரும்பிப் போயிருந்தால் பெரும்பாலான கடைகள் கோர்ட்டுக்கு அலைவதைவிட இதையே விரும்பும். நீங்களும் மகனும் நேரில் போய்க் கேளுங்கள். அவனையே பேச விடுங்கள். 305 என்று இருந்தால் இந்த வழி மாஜிஸ்திரேட் முன் கிடையாது. சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும்.

கடை மறுத்தால் அடுத்தது 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். இது நம் ஊர் கோர்ட்டுகளில் பாதித் தூக்கத்தில் கிடக்கும் சட்டம் என்பது என் நெடுநாள் குறை. வக்கீல் கேட்டால்தான் எழுந்திருக்கும். முதல் முறை திருட்டு என்றால் கண்டித்து அனுப்பலாம் என்கிறது 3-ம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 379, 380 எண்களைப் பெயர் சொல்லியே. நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்கலாம் என்கிறது 4-ம் பிரிவு. 21 வயதுக்குள் இருப்பவரைச் சிறைக்கு அனுப்ப நினைத்தால், இந்த இரண்டும் ஏன் பொருந்தாது என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும் என்கிறது 6-ம் பிரிவு. நீங்கள் கவனிக்க வேண்டியது வயது. குற்றம் நடந்த நாளின் வயது கணக்கில்லை, தண்டனை முடிவாகும் நாளில் 21 ஆகாமல் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் சொல்லிவிட்டது. வாய்தா வாய்தாவாக இழுத்தால் அந்தப் பாதுகாப்பு கையைவிட்டுப் போகும். 3, 4 பிரிவுகளுக்கு வயது வரம்பு இல்லை, அவை அப்போதும் இருக்கும்.

இந்தச் சட்டத்தின் 12-ம் பிரிவைத்தான் அந்த ஃபைன் ஆலோசகர் உங்களிடம் சொல்லவில்லை. 3 அல்லது 4-ன் கீழ் விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் சட்டத்தில் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. ஃபைன் கட்டியவருக்கு அந்தக் கவசம் கிடையாது.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே வெளிநாடு செல்ல அனுமதி வாங்கினால் அந்த உத்தரவின்படி கொடுப்பார்கள். 1993 முதல் இருக்கும் ஏற்பாடு இது. பின்னாளில் அரசு வேலைப் படிவம் நிரப்பும்போது இதை மறைக்க வேண்டாம் என்று மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இளவயதின் சிறு குற்றத்தை வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மறைத்தது தெரிந்தால் அந்த மறைப்பே வேலையைக் காவு வாங்கும். காவல்துறைப் பணி என்றால் மட்டும் அளவுகோல் இன்னும் கடுமை.

வக்கீல் ஃபீஸ் சிரமம் என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி மையத்தின் எண்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன். திருடிப் பிடிபட்டவர்களின் போட்டோவை "இவர்களிடம் எச்சரிக்கை" என்று கவுன்டர் பக்கத்தில் ஒட்டினால் மற்றவர்கள் பயப்படுவார்கள். சட்டத்தில் தடை உண்டா?
– ஒரு கடைக்காரர்

பதில்: ஒட்டாதீர்கள். நீதிமன்றம் சொல்லாத ஒருவரைத் திருடன் என்று ஊரறியக் காட்டினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். உண்மைதானே என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். பிடிபட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அவர் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடுவதும் இதில் அடங்கும்.

கேமரா பதிவைப் பத்திரப்படுத்துங்கள். பொருளை வாங்கிக்கொள்ளுங்கள். பெண் என்றால் பெண் ஊழியர் மட்டும் பேசட்டும், யாரும் உடம்பைத் தொட்டுச் சோதிக்க வேண்டாம். புகார் கொடுப்பதா, எச்சரித்து அனுப்புவதா என்று அரை மணி நேரத்துக்குள் முடிவு செய்யுங்கள். விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், அது எந்தப் பிரிவில் வரும் என்று முதல் கடிதத்துக்கான பதிலிலேயே இருக்கிறது.