பானை செய்யவா பன்னிரண்டாவது வரை படித்தாள்?

அன்புள்ள அம்மா,

"பானை செய்யவா இவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தோம்?" என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மாதச் சம்பளம் நிச்சயமில்லாத வேலை என்றால் பெற்றவர்களுக்குத் தூக்கம் வராதுதான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

உங்கள் மகள் படிக்கக் கேட்பது செராமிக், அதாவது களிமண்ணில் பாத்திரம் வனைந்து சுடும் கலை. அதை அலங்காரப் பொருள் செய்யும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தேநீர்க் குடுவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றி நிமிர்த்தியதும் மூக்கிலிருந்து சொட்டக் கூடாது. நிரம்பியிருந்தாலும் ஒரு கையால் தூக்க வர வேண்டும். ஈரக் களிமண் காய்ந்து வெந்து முடிவதற்குள் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும், 10 செ.மீ. வாய் ஏறக்குறைய 9 ஆகிவிடும். அதனால் மூடியையும் குடுவையையும் ஒரே மண்ணில், ஒரே வேளையில் செய்து, பொருந்தும் இடத்தில் மட்டும் கிளேஸை (சூட்டில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) துடைத்துவிட்டு, மூடியபடியே சூளையில் வைப்பார்கள். ஸ்டோன்வேர் என்ற கெட்டியான பாத்திர வகை என்றால் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூடு. கிளேஸில் ஈயம் கலந்திருந்தால் அதில் சாப்பிடவே கூடாது. இவ்வளவும் சரியாக வந்த பிறகுதான் அழகு என்ற பேச்சு. வேதியியலில் அவள் வாங்கிய மதிப்பெண் இங்கே வீணாகாது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர்கள் இருவர் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்ற பலர் பிறகு சொந்தப் பட்டறை வைத்தார்கள். புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஒரு நாள் குடும்பத்தோடு போய்ப் பட்டறைகளைப் பாருங்கள். அப்பாவும் கட்டாயம் வரட்டும்.

படிப்பென்றால், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) செராமிக், கண்ணாடி வடிவமைப்புக்கு நான்காண்டு பி.டெஸ். என்ற இளநிலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு என்றாலும் நுழைவுத்தேர்வு எழுதலாம். பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும், அதைத் தவறவிடாதீர்கள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலும் செராமிக் பிரிவு உண்டு. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் உங்கள் கைக்குள் அடங்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் செராமிக் டெக்னாலஜியை உறவினர் யாராவது சொல்வார்கள். அது நல்ல பொறியியல் படிப்பு. உலைக்கல் (உலைகளுக்குள் பதிக்கும், சூடு தாங்கும் கல்), தொழிற்சாலை என்று போகும் வேறு பாதை. பெயரைப் பார்த்துச் சேர்த்துவிட்டால் மூன்றாம் மாதமே மனம் வாடிவிடுவாள்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதல் சில வருஷங்கள் கடினம். இருபது கோப்பை செய்து ஐந்து விரிசல் விட்டால், அந்த ஐந்தின் மண், எரிவாயு, உழைப்பு எல்லாம் மீதிப் பதினைந்தின் விலையில் ஏற வேண்டும். கைத்திறன் உள்ள பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். அவளுக்கு இப்போதே ஒரு கணக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பாத்திரம் விற்பதோடு, உணவகங்களுக்கு ஆர்டர் எடுப்பது, பள்ளியில் கற்றுத்தருவது, சாப்பாட்டு மேசைப் பாத்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் வடிவமைப்பு என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

கல்லூரி முடிவுக்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த விடுமுறையில் ஏதாவது ஒரு பட்டறையில் அவள் முழுதாக ஒரு மாதம் வேலை செய்யட்டும். மண் பிசையட்டும், சூளை அடுக்கட்டும், உடைந்ததைக் கூட்டி அள்ளட்டும். திரும்பி வரும்போது தான் செய்த கோப்பை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் அவள் அப்பா பதினைந்து நாள் காலைக் காபி குடிக்கட்டும். பிடி சுடுகிறதா, விளிம்பு உதட்டில் உறுத்துகிறதா என்று அவரே அவளிடம் சொல்லட்டும். பிறகு மூவரும் என்னைப் பார்க்க வாருங்கள்.