மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடின வானை வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். என் கணவர் வயலோடு சேர்த்து ஹயருக்கு ஓடவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றவும் ஒரு வான் வாங்க நிற்கிறார். வவுனியாவில் ஒரு கார் சேலில் இரண்டு டொல்பின் வான் (டொயோட்டா ஹையேஸ்) பார்த்து வைத்திருக்கிறார். இரண்டும் 1998ஆம் ஆண்டு மொடல். ஒன்றின் மீற்றரில் 312,000 கிலோமீற்றர், மற்றதில் 118,000. குறைய ஓடினதற்கு ஆறு இலட்சம் கூடச் சொல்கிறார்கள். மூன்று இலட்சம் ஓடின வானை வாங்குவது விசர் வேலை, நெல் விற்ற காசோடு உன்னுடைய நகையையும் அடகு வைத்து மற்றதை எடுப்போம் என்கிறார். சேல் வைத்திருப்பவர் தெரிந்த ஆள், பொய் சொல்லமாட்டார் என்றும் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, நகை இப்போதைக்கு பெட்டியிலேயே இருக்கட்டும். இரண்டு வானில் முதலில் பார்க்கவேண்டியது 312,000 ஓடினதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்லவில்லை, பாருங்கள் என்கிறேன். குறைய ஓடினது என்று சொல்லப்படுகிற மற்றதில்தான் எனக்குச் சந்தேகம் கூட.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1998இல் செய்த வானுக்கு இப்போது 27 வயதுக்கு மேல். 118,000ஐ அத்தனை வருடத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 360 கிலோமீற்றர் சொச்சம் வருகிறது. உங்கள் ஊரிலிருந்து வவுனியாவுக்கு ஒருக்கால் போய்வரவே நூறைத் தாண்டும். மாதம் மூன்று தரம் வவுனியாவுக்குப் போய்வந்துவிட்டு மிச்ச நாளெல்லாம் கொட்டிலுக்குள் நின்ற டொல்பினை இலங்கையில் நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? டொல்பினை வாங்குகிறவன் உழைக்கத்தான் வாங்குகிறான். ஏதாவது மடத்திலோ, ஓய்வுபெற்ற டொக்டர் வீட்டிலோ அப்படி ஓடாமல் நின்றிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அப்படியான வானுக்குச் சாட்சி இருக்கும்: சேர்விஸ் செய்த பில்கள், ஒயில் மாற்றியபோது கதவோரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், பதிவுப் புத்தகத்தில் ஒரேயொரு பெயர். சாட்சி ஒன்றும் இல்லாமல் மீற்றர் மட்டும் பேசினால் அதை நம்பி ஆறு இலட்சம் கொடுக்கத் தேவையில்லை. மற்ற வானின் 312,000 என்பதும் முழு உண்மை என்று நான் சொல்லவரவில்லை. மீற்றர் கேபிள் அறுந்து மாதக்கணக்கில் ஓடியிருக்கலாம். ஆனால் அந்தத் தொகையைச் சொல்லி ஒருவரும் விலையை ஏற்றப்போவதில்லை, அதனால் அதில் கைவைக்க ஒருவருக்கும் காரணமில்லை.

மீற்றரில் கைவைப்பது கூடியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது, அதுவும் கடுமையான வரியோடு. இடையிலிருந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த பழைய வான்களே கைமாறிக் கைமாறி ஓடின, விலையும் ஏறியது. விலை ஏறிய பொருளில் ஒரு இலட்சம் கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டினால் கிடைக்கிற இலாபம் என்னவென்று நீங்களே பாருங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சாவியை 'ஓன்' நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டாஷ்போர்டைப் பாருங்கள். டொயோட்டா டீசல்கள் பலவற்றில் 'டி-பெல்ட்' என்று ஒரு லைற் இருக்கும். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றவேண்டிய 100,000 கிலோமீற்றர் வந்தால் அது எரியத் தொடங்கும். சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை லைற்றும் ஒருதரம் எரியவேண்டும். மற்றதெல்லாம் எரிந்து இது மட்டும் இருட்டாக இருந்தால் பல்ப்பை யாரோ கழற்றியிருக்கலாம். எதற்காகக் கழற்றினார்கள் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பிறகு கிளட்ச், பிறேக் மிதிகளின் ரப்பரைப் பாருங்கள். 118,000 ஓடின வானில் வலது ஓரம் மொழுமொழு என்று தேய்ந்து இரும்பு தெரிந்தால் கதை முடிந்தது. பழைய வானில் ரப்பர் மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும் அதே கேள்விதான். சாரதி சீற்றின் கதவுப்பக்க ஓரம், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம், கதவைத் தூக்கிப் பார்த்தால் கீலில் தெரியும் ஆட்டம், இவற்றை எல்லாம் ஒரே நாளில் புதிதாக்க முடியாது.

எவ்வளவு ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது என்பது எனக்குப் பெரிய விஷயம். கொழும்பு ஹயர் ஓடிய வான் ஏ9 வீதியில் ஒரே சீராக, எஞ்சின் சூடேறி, அடிக்கடி கியர் மாற்றாமல் ஓடியிருக்கும். அதே தூரத்தை கிரவல் ரோட்டில் ஓடிய வானுக்கு ஷொக் அப்சோர்பரிலிருந்து கதவுப் பூட்டு வரை எல்லாம் ஆட்டம் கண்டிருக்கும், செம்மண் புழுதி எயார் பில்ரரைத் தாண்டி எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும். பில்ரர் பெட்டியைத் திறந்து, பில்ரருக்கு உட்பக்கமாக விரலை விட்டுப் பாருங்கள். அங்கே சிவப்பாகத் தூள் ஒட்டினால் அந்த எஞ்சினுக்குப் பெரிய செலவு காத்திருக்கிறது.

இன்னொரு வகை, எங்கள் பக்கத்துக்கே உரியது: முல்லைத்தீவிலும் மன்னாரிலும் மீன் ஏற்றிய வான். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தகட்டின் மடிப்புகளுக்குள் இறங்கி வருடக்கணக்கில் நின்றிருக்கும். மேலே புது பெயின்ற், உள்ளே புது மற், வாசத்துக்கு ஒரு போத்தல் சென்ற். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி எல்லாம் பூட்டி வெயிலில் அரை மணித்தியாலம் விட்டு, பிறகு பின்கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மீன் வாடை சென்ற்றுக்கு அடங்காது. தரையில் விரித்த மற்றை ஒரு மூலையில் தூக்கி, ஸ்குரூ டிறைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். டங் டங் என்று கேட்டுக்கொண்டு வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று செத்தால் அங்கே இரும்பு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசி மெழுகிய பட்டிப் பசை. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவும் பக்கக் கதவு ஓடும் தண்டவாளமும்தான் முதலில் உக்கும் இடங்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் வெள்ளத்தையும் மறக்கவேண்டாம். வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரத்தான் செய்யும். சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருந்தால் அங்கே தெரியும்.

எஞ்சினைப் பார்க்க விடியவே போங்கள், வருவதாக முன்கூட்டியே சொல்லாமல். டொல்பினுக்கு எஞ்சின் முன்சீற்றுக்கு அடியில்தான். மூடியைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்து, ஏற்கெனவே சூடாக இருந்தால் யாரோ உங்களுக்காகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். பின்னேரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்தநாள் காலை வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் புகை வருவது பழைய டீசலில் வழமை. ஆனால் சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, இல்லாவிட்டால் றேடியேற்றர் தண்ணீர் உள்ளே போகிறது. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக மூச்சு விட்டால் பரவாயில்லை. புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் றிங் முடிந்துவிட்டது. றேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்கவேண்டும். தண்ணீரில் ஒயில் படலம் மிதந்தால் அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதென்றால் சாரதி மட்டும் ஏறி ஒரு சுற்றுச் சுற்றுவதில் பிரயோசனம் இல்லை. வவுனியாவில் மலை தேடமுடியாது. அதனால் ஆட்களைச் சேர்த்து ஆறேழு பேராக ஏறி, ஏசியைப் போட்டு, ஓமந்தைப் பக்கமாக ஒரு ஓட்டம் விடச் சொல்லுங்கள். திரும்பி வரும்வரை வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கவேண்டும்.

312,000 ஓடின வான் இதெல்லாம் தாண்டினால் தாராளமாக எடுக்கலாம். அந்த வகை டீசல் எஞ்சின் ஒழுங்காக ஒயில் மாற்றினால் மூன்று இலட்சத்துக்கு மேலும் ஓடக்கூடியது, அதைத் திருத்தத் தெரியாத கராஜும் வன்னியில் இல்லை. ஆனால் எந்த வானை எடுத்தாலும், விற்றவர் என்ன சொன்னாலும், முதல் வேலையாக டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு எஞ்சினைக் கழற்றவேண்டிவரும். அதோடு ஒயில், பில்ரர்கள், பிறேக், தேவையென்றால் ரயர். விலையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வான் தேடவேண்டும். அந்த ஆறு இலட்சம் வித்தியாசம் இருக்கிறதே, அதில் ஒரு பகுதி இதற்குப் போதும். நகை தேவைப்படாது.

இனி ஆள் விஷயம். தெரிந்தவர் பொய் சொல்லமாட்டார் என்று உங்கள் கணவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் கார் சேலில் நிற்கிற வாகனம் எல்லாம் சேல்காரருடையது அல்ல. பாதி 'பார்க் அன்ட் சேல்', சொந்தக்காரர் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனது. விற்றால் சேல்காரருக்குக் கொமிஷன். மீற்றர் அவர் கைக்கு வரமுன்னரே மாறியிருந்தால் அவருக்கே தெரியாது. எனவே "இது உங்கட வானோ, நிறுத்தினதோ?" என்று ஒரு கேள்வி போதும், மரியாதைக்குக் குறைவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவது அவரைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும் என்று கணவர் கூச்சப்பட்டால், பெண்சாதி வீட்டார் பார்க்கச் சொன்னார்கள் என்று பழியை உங்கள் பக்கம் போடச் சொல்லுங்கள். எங்கள் சனத்தில் அதற்கு மறுபேச்சு இல்லை. மெக்கானிக் மட்டும் சேல்காரர் காட்டுகிறவராக இருக்கக்கூடாது. கூலியை உங்கள் கையாலேயே கொடுங்கள்.

வானைவிட எனக்குப் பயம் கூட அதன் பத்திரங்களில்தான். 2009க்கு முந்திய எங்கள் வாகனங்களில் பெரும்பங்கு புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் போய்விட்டது. இன்று இங்கே ஓடுகிற பழைய வான்களில் நிறைய தெற்கிலிருந்து வந்தவை. புத்தகத்தில் குருநாகலிலோ கம்பஹாவிலோ ஒருவர் பெயர் இருக்கும். அவர் திகதி போடாமல் கையெழுத்து வைத்த உரிமை மாற்றப் படிவம், அதாவது 'ஓப்பின் பேப்பர்', மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும். அவர் இறந்துபோனாலோ வெளிநாடு போனாலோ, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் திருப்பினாலோ, நீங்கள் வானை வைத்திருப்பீர்கள், உரிமை இருக்காது. பதிவுச் சொந்தக்காரரை நேரில் காணாமல், குறைந்தது தொலைபேசியில் பேசி அடையாள அட்டைப் பிரதியாவது பார்க்காமல் முழுக்காசையும் கொடுக்கவேண்டாம்.

புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கொம்பனிப் பெயர் இருந்தால், கடன் கட்டி முடித்த கடிதம் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரம் எடுக்கலாம், அதைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். செசி (அடிச்சட்டம்) நம்பரையும் எஞ்சின் நம்பரையும் விளக்குப் பிடித்து உங்கள் கண்ணாலேயே வாசியுங்கள். எழுத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ, புதிதாக உரோஞ்சிய இடமோ இருந்தால் அந்த வான் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கியபின் உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம், பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். பிள்ளைகளை ஏற்றப்போகிறீர்கள் என்பதால் ஹயர் ஓட்டத்தைச் சொல்லியே இன்சூரன்ஸ் போடுங்கள். சொந்தப் பாவனை என்று எழுதி மலிவாகப் போட்டால் விபத்தன்று கை விரிப்பார்கள்.

கடைசியாக அட்வான்ஸ். வேறு ஆள் கேட்கிறார், இன்றைக்கே ஒரு இலட்சம் வைத்துவிட்டுப் போங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால் சிறிய தொகை வையுங்கள், பற்றுச்சீட்டு இல்லாமல் வைக்கவேண்டாம். அதில் சேலின் முத்திரை, வாகன இலக்கம், செசி நம்பர், முழு விலை, அன்றைய மீற்றர் வாசிப்பு, 'மெக்கானிக் பரிசோதனையில் குறை கண்டாலோ உரிமை மாற்ற முடியாவிட்டாலோ முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்' என்ற வரி, அதன் கீழ் கையெழுத்து, இவ்வளவும் வேண்டும். அந்த வரியை எழுதச் சேல்காரர் மறுத்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். எழுதித் தந்துவிட்டுப் பிறகு ஏமாற்றினால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகாரசபையிடம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.